மண் படாத கால்

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கே சென்னியம்மாள் சேலை மாற்றிக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். படம் பதினோரு மணிக்குத்தான்.

பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தான் கிருபாசங்கர். அம்மாவின் மடியில் ரெக்சின் பை. அதற்குள் பிரஷர் மாத்திரை, தண்ணீர் பாட்டில், மூக்குக் கண்ணாடி, மடித்த ஒரு துண்டு. துண்டு எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அழுவதற்கு என்று சொல்லிவிடுவாள்.

"ஏம்மா, இன்னும் நாலு மணி நேரம் இருக்குது."

"இருக்கட்டும் கண்ணு. எனக்கு வேற என்ன சோலி?"

அவன் வாய் கொப்பளித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான். வியாழக்கிழமையிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. அன்றைக்குத்தான் தாரிக் வீட்டுக்கு வந்து அழைப்பிதழைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்துக் கிருபாசங்கர் தேங்காய் நார் மில்லில் இருந்தான். அழைப்பிதழ் நேராக அம்மாவின் கைக்குப் போய்விட்டது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், கொரோனா இரண்டாவது அலையில், அப்பா தம்பிதுரை போய்ச் சேர்ந்தார். அம்மா காய்ச்சலோடு மாடி அறையில் தனியாகக் கிடந்தாள். பிணத்தைத் தொட ஆளில்லாத அந்த நாளில், கோவை கோட்டைமேட்டிலிருந்து வந்த தன்னார்வலர்கள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிப்போனார்கள். அவர்களில் ஒருவன் தாரிக். ஆம்புலன்சுக்குப் பின்னாலேயே கிருபாசங்கர் காரில் போனான். மயானம் வரைக்கும் போனான். காரை விட்டு இறங்கவில்லை.

சூடம் ஏற்றி அப்பாவை அனுப்பிவைத்தது தாரிக்.

வீட்டுக்கு வந்ததும் மாடி ஜன்னலிலிருந்து அம்மா கேட்டாள், "கொள்ளி வெச்சுட்டயா கண்ணு?" என்று. அவன் தலையை ஆட்டினான். அந்த ஒரு தலையாட்டல்தான். அதற்குமேல் அவன் பொய் சொன்னதில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. ஒறம்பரை சொந்தங்களிடம், மகன்தான் வைத்தான் என்று அம்மாவே சொல்லிக்கொண்டாள்.

இப்போது சாய்ப்ரியா என்ற இளம் இயக்குநர் அந்தத் தன்னார்வலர்களைப் பற்றிப் படம் எடுத்திருக்கிறாள். மூன்று மாதம் தாரிக்கின் கடையில் உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறாள். காரை விட்டு இறங்காத மகனின் கதையும் அதில் உண்டு. இரண்டு வாரத்துக்கு முன்னால் கிருபாசங்கர் அந்தக் கடைக்கே போய், அதை நீக்கிவிடச் சொல்லி, கெஞ்சாத குறையாகக் கேட்டுவிட்டு வந்தான். "நான் சொன்னது சொன்னதுதானுங்கண்ணா. படம் அந்த டைரக்டரம்மாவுது" என்று மட்டும் சொன்னான் தாரிக்.

வெளியிடுவதற்கு முன்னால் அழைப்புப் பெற்றவர்களுக்கு மட்டும் இன்று போட்டுக் காட்டுகிறார்கள்.

"அம்மா, அது ரொம்பக் கஷ்டமான படமாமா. ஆஸ்பத்திரி, ஆம்புலன்சு, பொணம்... பாத்துட்டு வந்து உனக்கு பிரஷர் ஏறிப்போச்சுன்னா?"

"தெனமும் ஏழரை மணி சீரியல்ல ஒருத்தி ஒருத்திக்குச் சோத்துல வெசம் வெக்கறா. அதப் பாத்தே ஏறல. இதுக்கா ஏறப்போகுது?"

"அது சும்மா கதைம்மா."

"அதனாலதான் ஏறல."

அவன் வேறு வழியில் போய்ப் பார்த்தான்.

"நடந்து முடிஞ்சத எதுக்கு மறுபடியும் கெளறணும்? மனுசன் தியேட்டருக்குப் போறதே ரெண்டு மணி நேரம் எல்லாத்தையும் மறந்துபோட்டு உக்கார்றதுக்குத்தான். டிக்கெட் எடுத்துட்டு யாராச்சும் அழுகப் போவாங்களா? இந்தப் படமெல்லாம் எடுக்காம இருந்தா யாருக்கு என்ன நட்டம்?"

மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே பொள்ளாச்சி ரோட்டில் இளநீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனது.

"உங்கப்பா போனப்ப நம்மூட்டு வாசல்ல எத்தன பேர் இருந்தாங்க?" என்றாள் அம்மா.

அவன் தரையைப் பார்த்தான்.

"கேதம் விசாரிக்க ஒருத்தரும் வரல. என்ற தங்கச்சி போன்ல அழுதா. சிக்னல் இல்லாம அதுவும் பாதியில நின்னுபோச்சு. காரியத்துக்கு நாம நாலு பேரு. கட்டிப் புடிச்சு அழுகறதுக்கு ஆளில்லாம மாடியில தலகாணியக் கட்டிப் புடிச்சுட்டு அழுதேன். இன்னைக்கு அங்க நூறு பேரு வருவாங்கன்னு அந்தத் தம்பி சொல்லுச்சு. எல்லாரும் அவங்கவங்க ஊட்டு ஆள நெனச்சு அழுவாங்கம்மான்னுச்சு. நானும் கூட உக்காந்து ஒருக்கா அழுதுக்கறேன் கண்ணு. அவ்வளவுதான்."

பேச்சு முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

சமையலறையில் அவன் மனைவி புவனா இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். மயானத்திலிருந்து வந்த அன்று இரவே அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

"சொல்லிப்போட்டீங்களா?"

"இல்ல."

"படம் சொல்றதுக்கு முன்னால நீங்க சொல்லிப்போடுங்க. இனி அது ஒண்ணுதான் மிச்சம்."

"நீ வேணா பக்குவமா எடுத்துச் சொல்லேன்."

புவனா திரும்பினாள். "ஏனுங்க, கார்ல உக்காந்திருந்தது நானா?"

சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாகிவிட்டது. தட்டில் இரண்டு இட்லியை வைத்து, சட்னியை ஊற்றி, அவன் கையில் கொடுத்தாள். "நான் வரலைங்க. நான் இருந்தா உங்களுக்கு வாய் வராது. போற வழியில சொல்லிருங்க. முக்கா மணி நேரம் இருக்குதல்ல?"

*

கார் அதே கார்தான். விற்றுவிடலாம் என்று இரண்டு தடவை ஆட்கள் வந்து பார்த்தார்கள். இரண்டு தடவையும் ஏதோ காரணம் சொல்லித் தட்டிக்கழித்துவிட்டான். முன்சீட்டு அப்பாவின் இடம். அவர் போன பிறகும் அம்மா பின்னால்தான் உட்காருகிறாள்.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். ஒத்தக்கால்மண்டபம் வந்தது. முன்னால் ஒரு டிராக்டர். அதைத் தாண்டுவதில் கவனம் போயிற்று என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஈச்சனாரியில் பிள்ளையார் கோயிலைப் பார்த்து அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். கும்பிடுகிறவளிடம் எப்படிச் சொல்வது?

சுந்தராபுரம் சிக்னலில் தொண்டையைச் செருமினான்.

"என்ன கண்ணு, சளியா?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஏசியக் கொறச்சு வெய்யி."

குறைத்தான்.

அப்பா போன அன்றைக்கு நல்ல மழை. கோடை மழைக்கு அப்படியொரு ஆங்காரம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது மாடி ஜன்னலிலிருந்து அம்மா கத்தினாள், "செருப்புப் போடாத கண்ணு. கொள்ளி வெக்கறவன் வெறுங்காலோட போகோணும்" என்று. கழற்றிப் படியோரம் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் காரில் ஏறினான். பிரேக்கின் ரப்பர் உள்ளங்காலில் குத்தியது இன்னும் நினைவிருக்கிறது.

மயானத்தில் ஆறு ஆம்புலன்ஸ் வரிசையில் நின்றன. தரையெல்லாம் சேறு. வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. இறங்கத்தான் போனான். கை கதவு வரைக்கும் போயிற்று. வீட்டில் புவனா, குழந்தை, காய்ச்சலில் அம்மா. அப்படியெல்லாம் காரணம் பிற்பாடு சொல்லிக்கொண்டது. அந்த நிமிஷத்தில் காரணம் எதுவும் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. உடம்பு பூராவும் பாதுகாப்பு உடை மாட்டிய ஒருவன் வந்து விரல் முட்டியால் கண்ணாடியை இரண்டு தடவை தட்டினான். கிருபாசங்கர் கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கினான். சூடப் பொட்டலத்தை அந்த இடுக்கு வழியாக வெளியே நீட்டினான்.

"நீங்களே வெச்சுருங்க தம்பி."

உடைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவனை ஒரு நொடி பார்த்தன. "சரிங்கண்ணா" என்றது குரல்.

உக்கடம் மேம்பாலத்தில் கார் ஏறியபோது, இனி சொல்ல நேரமில்லை என்று அவனுக்கு ஒருவித நிம்மதிகூட வந்தது. இப்படித்தான் ஐந்து வருஷம் போயிற்று.

*

பெரிய வணிக வளாகம் ஒன்றின் மாடியில் இருந்தது அந்தச் சின்னத் திரையரங்கு. லிப்ட் வாசலிலேயே தாரிக் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. முப்பத்து மூன்று வயதுக்கு முன்நெற்றி நன்றாக ஏறியிருந்தது.

"வாங்கம்மா. சாப்ட்டீங்களா?"

"ஆச்சு தம்பி. உங்கம்மா ஆமினா சொகமா இருக்காங்களா?"

"உம்மா நல்லா இருக்காங்க. அவங்களும் வரேன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன்."

"நீயுமா?" என்றாள் சென்னியம்மாள். "பெத்தவங்கள ஊட்டுல பூட்டி வெக்கறதுல எல்லாப் பையனும் ஒண்ணாத்தான் இருக்கீங்க."

தாரிக் சிரித்துவிட்டான். கிருபாசங்கருக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவை நடு வரிசையில் உட்காரவைத்துவிட்டு, தாரிக்கை வெளியே அழைத்துவந்தான்.

"தம்பி, அந்தக் காரு படத்துல இருக்குதா?"

"இருக்குதுங்கண்ணா."

"எத்தனாவது நிமிசம்னு சொல்லிருங்க. அந்த நேரத்துக்கு அம்மாவ பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறாப்பல வெளிய கொண்டாந்துர்றேன்."

"பயப்படாம பாருங்கண்ணா."

"பயப்படாமயா?" அவனுக்குக் கோபம்கூட முழுசாக வரவில்லை. அலுப்பாக இருந்தது. "உங்களுக்கு இது எதுக்குத் தம்பி? யாரும் செய்யாதத செஞ்சீங்க. செஞ்சதோட விட்டுறக் கூடாதா? ஊரு உலகத்துக்குப் படம் புடிச்சுக் காட்டித்தான் ஆகோணுமா?"

தாரிக் தன் கையைப் பார்த்தான். கார் சீட்டுக்கு உறை தைக்கும் கை. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப்போயிருந்தது.

"பொணத்த வெக்கற அந்தப் பைக்கு ஜிப் இருக்கும் பாத்திருக்கீங்களாண்ணா? நீங்க பாத்திருக்க மாட்டீங்க. கால்லருந்து தலைக்கு இழுக்கணும். மொகத்துக்கிட்ட வந்தா கை தானா மெதுவாயிரும். இப்ப கடையில சீட் கவருக்கு ஜிப் வெச்சுத் தெக்கறதில்ல நான். கை நின்னுபோகுது. அஞ்சு வருசமா ஜிப் வேலையெல்லாம் கடைப் பையன் ரியாஸ்தான் பாக்கறான்."

தாரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"யாருகிட்டச் சொன்னாலும் 'பெரிய காரியம் பண்ணீங்க பாய், நல்லா இருப்பீங்க'ன்னு சொல்லிட்டு டீய வாங்கிக் குடுத்துர்றாங்க. அதுக்குமேல கேக்க மாட்டேங்கறாங்க. படம் எடுத்த இந்தம்மா ஒருத்தங்கதான் 'அந்தச் சத்தம் எப்படி இருக்கும்'னு கேட்டாங்க. அன்னைக்குத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு. அதுக்குத்தாங்கண்ணா."

உள்ளே விளக்கு அணைந்தது.

*

படம் இருட்டில் தொடங்கியது. திரையில் ஒன்றுமில்லை. ஒரு சத்தம் மட்டும். ஜிப் இழுபடும் சத்தம். மெதுவாக, மெதுவாக, பிறகு நின்றது.

பக்கத்தில் அம்மா துண்டை எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள்.

அரை மணி நேரத்துக்குள் அரங்கம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "முடியலைங்க, நான் வெளிய நிக்கறேன்" என்று பக்கத்தில் சொல்லிவிட்டுக் குனிந்தபடி போனார். அவர் பின்னாலேயே போய்விட வேண்டும் போலிருந்தது கிருபாசங்கருக்கு. அந்த மனிதரைத் தப்பு சொல்ல முடியாது. எல்லோராலும் எல்லாவற்றையும் இரண்டாவது தடவை பார்க்க முடிவதில்லை. முதல் தடவையே பார்க்காதவனுக்கு என்ன நியாயம் என்றுதான் தெரியவில்லை.

அம்மா அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். அந்தப் பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு அம்மாள், கண்ணாடி போட்டவர், ஊர் பேர் தெரியாது, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு யாருங்க?" என்று அம்மா கேட்டாள். "தம்பிங்க" என்றார் அவர். "எனக்கு ஊட்டுக்காரருங்க." இருவரும் கையை விடாமல் திரையைப் பார்த்தார்கள். காலையில் அம்மா சொன்ன கணக்கு சரியாகத்தான் இருந்தது. இது சினிமாக் கொட்டகை மாதிரி இல்லை. ஐந்து வருஷம் தள்ளிப் போடப்பட்ட எழவு வீடு மாதிரி இருந்தது.

பிறகு மழை வந்தது.

திரையில் மயானம். வரிசையாக ஆம்புலன்ஸ். கடைசியில் ஒரு வெள்ளைக் கார். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

கிருபாசங்கர் எழுந்திருக்க நினைத்தான். அம்மாவின் தோளைத் தொட்டு, வா போகலாம் என்று சொல்ல நினைத்தான். அன்றைக்குப் போலவே கை பாதியில் நின்றுவிட்டது.

பாதுகாப்பு உடையோடு ஒருவன் வந்து கண்ணாடியை இரண்டு தடவை தட்டினான். கண்ணாடி இரண்டு விரல்கடை இறங்கியது. இடுக்கு வழியாகச் சூடப் பொட்டலம் வெளியே வந்தது. மழை அதன்மேல் விழுந்தது.

"நீங்களே வெச்சுருங்க தம்பி."

அவனுடைய வார்த்தைகள். அட்சரம் பிசகவில்லை. வேறொருவன் வாயிலிருந்து வந்தன.

தன்னார்வலன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தான். பத்து அடி. இருபது அடி. பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

காமிரா தரைக்கு வந்தது. திறந்த கதவுக்குக் கீழே ஒரு வெறுங்கால், சேற்றில் இறங்கியது. கணுக்கால் வரைக்கும் புதைந்தது. அடுத்த கால். பிறகு ஓட்டம். மகன் மழையில் ஓடி வந்து, பொட்டலத்தைப் பிடுங்கி, அந்தப் பையைக் கட்டிக்கொண்டு அழுதான். சூடத்தை அவனே ஏற்றினான்.

அரங்கமே உடைந்து அழுதது.

தப்பித்தேன். அதுதான் கிருபாசங்கருக்கு முதலில் தோன்றியது. மூச்சை விட்டான். பயப்படாம பாருங்கண்ணா என்று தாரிக் சொன்னது இப்போது புரிந்தது. அவனுக்காக மாற்றியிருக்கிறார்கள்.

அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. திரையில் அழுதுகொண்டிருந்தவனை அவன் பார்த்தான். நல்ல பையன். அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் அவனை மன்னித்துவிட்டார்கள். மன்னிக்க அவனிடம் ஒன்றுமே இல்லை. இந்த நூறு பேரும் அழுதது அவனுக்காக. காருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டவனுக்கு இந்தப் படத்திலும் இடமில்லாமல் போயிற்று.

அப்போதுதான் கவனித்தான். அம்மாவின் அழுகை நின்றிருந்தது.

எல்லோரும் அழும் நேரத்தில் அவள் மட்டும் துண்டை முகத்திலிருந்து எடுத்துவிட்டு, திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் குனிந்தாள். இருட்டில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனின் கால்களைப் பார்த்தாள். ஷூ போட்ட கால்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

அதன்பிறகு படம் முடியும்வரை அவள் அழவில்லை.

*

வாசலில் சாய்ப்ரியா எல்லோருக்கும் கைகூப்பிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். தூக்கமில்லாத கண்கள்.

"எப்படி இருந்துச்சும்மா?"

"நல்லா எடுத்திருக்கறே அம்மணி" என்றாள் சென்னியம்மாள். "எனக்கு மனசுல கெடந்தது பாதி எறங்கிப்போச்சு. ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்கம்மா."

"அந்தக் கார்ல வந்த பையன் நெசமாலுமே எறங்குனானா?"

கிருபாசங்கர் தாரிக்கைப் பார்த்தான். தாரிக் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்தான்.

சாய்ப்ரியாவுக்கு முகம் சற்று வாடியது. "இல்லம்மா. நெஜத்துல எறங்கல. எறங்காத மாதிரிதான் மொதல்ல எடுத்தோம். தயாரிப்பாளர் ஜனங்க தாங்க மாட்டாங்கன்னார். சரின்னு ரெண்டு விதமாவும் எடுத்து வெச்சோம். நான் எறங்காததத்தான் படத்துல வெச்சிருந்தேன். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி தாரிக் அண்ணன் வந்து, மாத்துனாத்தான் எந்திரிப்பேன்னு எடிட் ரூம்லயே நாள் முழுக்க உக்காந்துட்டார். அது யாரு வீட்டுப் பையன்னு கேட்டேன். இன்னைக்கு வரைக்கும் சொல்லல."

"ஓ" என்றாள் சென்னியம்மாள்.

"உங்களுக்கு எது சரின்னு தோணுதும்மா? புதன்கிழமை சென்சாருக்குப் போகுது. அதுக்குள்ள மாத்தணும்னா மாத்தலாம்."

சென்னியம்மாள் அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள். "எனக்கு என்ன தெரியும் அம்மணி? கேக்க வேண்டியவங்களக் கேளு. நாங்க வாரோம்."

*

வண்டி நிறுத்தும் அடித்தளத்தில் வெளிச்சம் குறைவு. அம்மா பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். கிருபாசங்கர் வண்டியைக் கிளப்பினான். ஆனால் நகர்த்தவில்லை.

பக்கத்தில் இரண்டு கார்கள் கிளம்பிப் போயின.

"அம்மா," என்றான். "நான்..."

"தெரியும் கண்ணு."

அவன் திரும்பவில்லை. முன்னால் தொங்கும் கண்ணாடியில் அம்மாவின் கண்கள் மட்டும் தெரிந்தன.

"அன்னைக்கு நீ வந்து எறங்குனப்ப நான் மாடி சன்னல்லதான் நின்னுட்டிருந்தேன். கேட்டுக்கிட்ட புவனா மஞ்சத்தண்ணி வெச்சிருந்தா. நீ கால்ல ஊத்துன. வாசலு வெள்ளச் சிமிட்டி. அத்தன மழை. மயானமெல்லாம் சேறுன்னு டிவியில காட்டறான். உன்ற காலக் கழுவுன தண்ணி அப்படியே மஞ்சளா ஓடிப்போய் ரோட்டுல எறங்குச்சு. துளி மண்ணு இல்ல."

அம்மா பையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"பாத்துட்டுத்தான் கேட்டேன், வெச்சுட்டயான்னு. நீ தலைய ஆட்டுன. சரி, இவன் இதச் சொமக்கட்டும், தாங்க முடியாதப்ப எறக்கி வெப்பான்னு விட்டுட்டேன். ஒரு வருசம் பாத்தேன். ரெண்டு வருசம் பாத்தேன்." குரல் அலுத்திருந்தது. கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலையாக இருக்கும் என்று அவனுக்குப் பட்டது. "இந்தப் படம் உன்ற வாயத் தொறக்க வெக்கும்னுதான் காலையிலயே சேலையக் கட்டிட்டு உக்காந்தேன். அவங்க என்னடான்னா உன்னைய எறக்கி விட்டுப்போட்டாங்க."

"எனக்குப் பயமா இருந்துச்சும்மா."

"இருக்கும். ஊரே பயந்துச்சு. எறங்காத பசங்க இந்த ஊருல எத்தன பேரோ. அந்தப் பையன் எறங்கறதப் பாத்துப்போட்டு அவங்கெல்லாம் இன்னைக்கு ராத்திரி எப்படிப் படுப்பாங்க?"

ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அம்மா தட்டிக்கொடுக்கவில்லை. தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். அதுவே போதுமாக இருந்தது.

டொக். டொக்.

விரல் முட்டியால் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். அந்தச் சத்தத்தை அவன் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவான்.

வெளியே தாரிக் நின்றிருந்தான். அம்மாவின் மூக்குக் கண்ணாடி அவன் கையில். இருக்கையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

கிருபாசங்கரின் விரல் தானாகப் பொத்தானை அழுத்தியது. கண்ணாடி இறங்கியது. இரண்டு விரல்கடை இறங்கியதும், பழக்கம் போல, நின்றது.

தாரிக் அந்த இடுக்கையே பார்த்தான். அவனும் பார்த்தான்.

கிருபாசங்கர் என்ஜினை அணைத்தான். கதவைத் திறந்தான். காலைத் தரையில் ஊன்றி எழுந்து நின்றான். சிமெண்டுத் தரை. சேறில்லை, மழையில்லை.

"தாரிக்," என்றான். தம்பி என்று சேர்த்துச் சொல்ல வரவில்லை. "எறங்காத மாதிரி எடுத்தது இருக்குதல்ல. அத நான் பாக்கோணும். பாத்துட்டு, அதையே வெச்சுக்கச் சொல்லி அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்றேன். யாரு பையன்னும் சொல்றேன்."

தாரிக் மூக்குக் கண்ணாடியை மடித்து விரித்தான். மறுபடி மடித்தான்.

"வேண்டாங்கண்ணா."

"எனக்காக யோசிக்காதீங்க."

"உங்களுக்காக மட்டும் மாத்தச் சொல்லல நான்." அவன் குரல் இறங்கியது. "நீங்க கார்ல இருந்தீங்க. அங்க உள்ள என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. அந்தச் சூடத்த நான் உடனே ஏத்தலைங்கண்ணா. ஏத்த முடியல. அது ஏன்னு எறங்காத மாதிரி எடுத்ததுல இருக்குது. உங்கம்மா அதப் பாக்கக் கூடாதுன்னுதான்..."

அவன் பாதியில் நிறுத்தினான். கிருபாசங்கரின் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

காரின் பின்கதவு திறந்திருந்தது. சென்னியம்மாள் செருப்பைக் காருக்குள்ளேயே கழற்றி விட்டுவிட்டு, வெறுங்காலோடு இறங்கி நின்றிருந்தாள்.

"கண்ணாடியக் குடு தம்பி" என்றாள். "போட்டுக்கறேன். அதப் பாக்கறதுக்கு வேணுமல்ல?"